பின்மூடியில் வெட்டின பேர்

பேர் வெட்டின வாட்ச் என்கிட்ட கிடையாது சார். இருந்தது. இப்ப கிடையாது. நீங்க நெட்ல பார்த்துட்டு வந்திருப்பீங்க. பின்மூடியில நம்பர், பேரு எல்லாம் போட்டு, இன்ன சிப்பாய் இன்ன சண்டையில கட்டினதுன்னு. அதெல்லாம் வேற ஆளுங்க விக்கறாங்க. என்கிட்ட இருக்கறது இதுதான். கையில எடுத்துப் பாருங்க. பயப்படாம எடுங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க, ஃபேன் போடறேன்.

இது ரெண்டாவது உலகச் சண்டை முடியற சமயத்து மால். வெள்ளைக்காரன் சுவிட்சர்லாந்துல பன்னெண்டு கம்பெனிகிட்ட, எல்லாரும் ஒரே மாதிரி செஞ்சு குடுங்கன்னு ஆர்டர் குடுத்தான். கறுப்பு டயல், வெள்ளை எழுத்து, தண்ணி போகாத மூடி. டயல்ல சின்னதா ஒரு அம்பு தெரியுதா? அது சர்க்கார் சொத்துன்னு அர்த்தம். வார் கோக்கற கம்பியைப் பாருங்க, கழட்ட வராது. கேஸோட சேத்தே பத்த வெச்சது. சண்டையில கம்பி தெறிச்சு வாட்ச் விழக்கூடாதுல்ல? முள்ளு மேல இருக்கறது ரேடியம். அந்தக் காலத்துல இருட்டுல ஜொலிச்சது. இப்ப வெளிச்சம் செத்துப்போச்சு, விஷம் மட்டும் அப்படியே இருக்கு. மூடியைத் திறந்து மூக்குகிட்ட வெச்சுக்காதீங்க.

அதுக்கும் முன்னாடி பார்த்தீங்கன்னா, கையில வாட்ச் கட்டறது பொம்பளைங்க வேலைன்னு ஆம்பளைங்க சிரிச்சாங்களாம். மொத சண்டை வந்துச்சு. பள்ளத்துல படுத்துக்கிட்டு கையில துப்பாக்கியை வெச்சுக்கிட்டு, பாக்கெட்டுல கிடக்கற வாட்சை எப்படி எடுப்பான்? தோல் வாரைத் தெச்சு மணிக்கட்டுல கட்டிக்கிட்டான். சண்டைதான் சார் வாட்சைக் கைக்குக் கொண்டு வந்தது. இதையெல்லாம் நான் வர்றவங்ககிட்ட ஒழுங்கா சொல்லித்தான் விக்கறேன்.

ஏன் பேர் வெட்டினது இல்லன்னு கேட்டீங்கல்ல. சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் ஏமாத்துக்காரனான்னு. ஒரு கிழவி என்னை அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருக்கு. அது எனக்கு உள்ளுக்குள்ள அறுத்துக்கிட்டே இருக்கு.

நான் விக்கறதெல்லாம் அசல் பட்டாளத்து வாட்ச். மெஷின் அசல், கேஸ் அசல், டயல் அசல். பின்மூடியில வாட்சோட நம்பர் இருக்கும், கட்டினவன் பேரு இருக்காது. பட்டாளத்துல ஆள் பேரைப் போட மாட்டாங்க. ஆனா வாங்கறவனுக்கு என்ன வேணும்? ஜெர்மனியில இருக்கறவன், ஜப்பான்ல இருக்கறவன், இதைக் கட்டினது யாருன்னு கேக்கறான். அவனுக்கு வெறும் இரும்பு வேணாம், ஆள் வேணும். சரின்னு ஒரு ஆளைக் குடுத்தேன். அவ்வளவுதான். கிரேவர்னு எழுத்து வெட்டற உளியைப் புடிச்சு மெதுவா வெட்டி, எண்ணெயும் கரியும் போட்டுத் தேச்சுப் பழசாக்கினேன். அதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு? வாங்கினவன் சந்தோஷமா கட்டிக்கிட்டான்.

பேருக்கு எங்க போறது? வாய்க்கு வந்ததை வெட்டினா விஷயம் தெரிஞ்சவன் புடிச்சிடுவான். பட்டாளத்து நம்பர்ல எந்தப் பிரிவுக்கு எப்படி ஆரம்பிக்கும்னு ஒரு முறை இருக்கு. அப்படித் தேடிக்கிட்டு இருந்தப்பதான் புதுப்பேட்டையில ஒரு காயலாங்கடையில அந்தப் பொட்டி கிடைச்சுது. கறுப்புத் தகரப் பொட்டி. லீவுக்கு வர்ற மிலிட்டரிக்காரங்க ரயில்ல தூக்கிட்டு வருவாங்களே, அது. மூடி மேல வெள்ளை பெயிண்ட்ல நம்பர், அப்புறம் லான்ஸ் நாயக் வி. தணிகாசலம், சிக்னல்ஸ். அதாவது வயர்லெஸ் பிரிவு. உள்ள விரிச்சிருந்த பழைய பேப்பர்ல அறுபத்திரண்டாம் வருஷம்.

பொட்டியைக் கடைக்குக் கொண்டு வந்தேன். மேல ஒரு பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டு, வர்றவங்க உக்கார வெச்சுக்கிட்டேன். அதுல இருந்த நம்பரையும் பேரையும் ஒரு நல்ல வாட்சோட பின்மூடியில வெட்டினேன். ஃபோட்டோ எடுத்து, சீனா சண்டையில கட்டினதுன்னு எழுதி நெட்ல போட்டேன். நான் செஞ்சது இவ்வளவுதான் சார்.

ஆடி மாசம் இருக்கும். படிக்கட்டுல பூட்ஸ் சத்தம். இந்தப் படிக்கட்டுல பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் வேலையை நிறுத்திடுவேன். ஒரு போலீஸ் அம்மா மேல வந்தாங்க. அம்பது வயசு சொல்லலாம். நல்ல உயரம், நரைச்ச தலை, யூனிஃபார்ம் மடிப்புக் கலையாம. சட்டையில பேரு இருந்தது, ஜெயக்கொடி. ஸ்பெஷல் எஸ்.ஐ.

"கடை உங்களுதா?"

"ஆமா மேடம்."

நேரா போயி அந்தப் பொட்டி மேல உக்காந்தாங்க. செல்ஃபோனை நீட்டினாங்க. அதுல நான் போட்ட ஃபோட்டோ. யாரோ பழைய சிக்னல்ஸ்காரங்க பேஸ்புக்ல பார்த்துட்டு, இந்தப் பேரு யாருன்னு ஒருத்தருக்கு ஒருத்தர் அனுப்பி, கடைசியில இவங்ககிட்ட வந்து சேர்ந்திருக்கு.

"இது உங்ககிட்ட இருக்கா?"

இருக்குன்னேன். இல்லன்னு எப்படிச் சொல்றது? ஃபோட்டோவுல என் மேஜையே தெரியுது.

எடுத்துக் குடுத்தேன். வாங்கித் திருப்பினாங்க. கட்டைவிரலால அந்த நம்பரைத் தடவினாங்க. தடவிக்கிட்டே இருந்தாங்க.   போலி முத்திரை, ஏமாத்து, என்னென்ன பிரிவுல கேஸ் போடுவாங்கன்னு மனசு ஓடுது.

"யார் குடுத்தது?"

எனக்கு மால் தர்ற மும்பைத் தரகர்னு சொன்னா அவன் நம்பரைக் கேப்பாங்க. காயலாங்கடைன்னு சொன்னா எந்தக் கடைன்னு கேப்பாங்க. அப்புறம் பொட்டி எங்கன்னு கேப்பாங்க. அவங்க உக்காந்திருக்கறதே அது மேலதான்! பெட்ஷீட் ஓரம் அவங்க பூட்ஸுக்குப் பக்கத்துல தொங்குது. காலைக் கொஞ்சம் நகத்தினா விலகிடும். விலகினா வெள்ளை எழுத்து தெரியும்.

தேட முடியாத ஆளாச் சொல்லணும். சொன்னேன். "ஒரு பெரியவர் வந்து வித்துட்டுப் போனாரு மேடம். பொங்கலுக்கு முன்னாடி."

"பெரியவர்னா, எத்தனை வயசு?"

"எழுபது, எழுபத்தஞ்சு."

அந்தம்மா கையில பேனா இருந்தது, பாக்கெட் டைரி இருந்தது. எழுதல. பேனா மூடியைக் கழட்டவே இல்ல. 

"உயரமா?"

அவங்களையே பார்த்தேன். "உயரம்தான்."

"இடது காது மடல் கொஞ்சம் மடிஞ்சிருக்குமா?"

"ஆமாம்மா. நீங்க சொல்றப்போ ஞாபகம் வருது."

அப்பதான் சொன்னாங்க, "இது எங்கப்பா நம்பர்."

அவங்க அம்மா வயித்துல இருக்கறப்போ தணிகாசலம் எல்லைக்குப் போனாராம். வயர்லெஸ் ஆபரேட்டர். பனி மலையில சண்டை நடந்து கார்த்திகையில காணாமப் போயிட்டாரு. உடம்பு கிடைக்கல. கொஞ்ச நாள் பார்த்துட்டு இறந்ததா எழுதிட்டாங்க. பொட்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

"பொட்டியில துணி, சோப்பு டப்பா, ஒரு ஃபோட்டோ எல்லாம் இருந்தது. வாட்ச் இல்ல. வயர்லெஸ்காரருக்குப் பட்டாளம் குடுத்த வாட்ச், கையில கட்டினபடியேதான் போயிருப்பாருன்னு அம்மா சொல்லும். கையோட போன வாட்ச் மெட்ராசுக்கு வந்திருக்குன்னா..."

 வாட்சைக் காதுகிட்ட வெச்சுக் கேட்டாங்க. அது ஓடிக்கிட்டு இருந்தது. நான்தான் ஆயில் போட்டு சர்வீஸ் பண்ணி வெச்சிருந்தேனே.

அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது சார். நம்மளைப் புடிக்க வரல! அப்பாவைத் தேடி வந்திருக்காங்க. நான் டீ சொன்னேன். டீயைக் குடிச்சுக்கிட்டே அந்தம்மா சொல்றாங்க, "அந்தப் பொட்டியும் இப்ப இல்லண்ணே. பெரம்பூர்ல மாமா வீட்டை இடிக்கறப்போ பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டாரு. அப்பா பேரு எழுதினது எங்க வீட்ல அது ஒண்ணுதான். அம்மா அன்னியிலேர்ந்து மாமாகூடப் பேசறதில்ல."

அது மேல உக்காந்துக்கிட்டுத்தான் சொல்றாங்க. நான் பெட்ஷீட் ஓரத்தையே பார்த்துக்கிட்டு டீயை ஆத்தறேன்.

அவங்க இறங்கிப் போனதும் மொத வேலையா, கீழ பழைய இரும்பு வண்டிக்காரனைக் கூப்பிட்டுப் பொட்டியைத் தள்ளிவிட்டேன். முழுசாப் போட்டா எங்கயாவது யார் கண்ணுலயாவது படும்னு, சுத்தியலால அடிச்சு, எழுத்தெல்லாம் சுரண்டி, நசுக்கித்தான் போட்டேன். தகரம்தானே சார். துருப்புடிச்ச தகரம்.

வாட்சைக் காசு வாங்காமக் குடுத்துட்டேன். அதையும் சொல்லணும்ல. அந்தம்மா பர்ஸை எடுத்தாங்க, நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம்னுட்டேன்.

அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன். முடியல. அடுத்த வாரம் வந்தாங்க. அதுக்கடுத்த வாரமும் வந்தாங்க. லீவு நாள்ல புடவையில வருவாங்க, டூட்டி நாள்ல யூனிஃபார்ம்ல வருவாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு கேள்வி இருக்கும். எந்தப் பக்கம் நடந்து போனாரு? துணி அழுக்கா, சுத்தமா? தமிழ் ஒழுங்காப் பேசினாரா, இந்தி கலந்து பேசினாரா? நான் யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன். முன்னாடி சொன்னதுக்கு மாறாச் சொல்லிடக்கூடாதுன்னு பயம். போலீஸாச்சே. ஒரு வார்த்தை இடிச்சாலும் புடிச்சிடுவாங்கன்னு பயந்து பயந்து சொன்னேன். ஆனா அவங்க எதையும் இடிச்சுப் பார்க்கல. நான் சொல்றதைக் குழந்தை மாதிரி கேட்டுக்குவாங்க. முப்பது வருஷமா திருடனை விசாரிச்ச அம்மா சார்! எனக்கே ஆச்சரியம்.

டிபார்ட்மெண்ட்ல படம் வரையற ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் சொல்லச் சொல்ல அவர் வரைஞ்சாரு. நான் யாரைச் சொல்றது? எதிர்க்க டீக்கடையில ஒரு பெரியவர் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. ஜன்னல் வழியா அவரைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். கன்னம் ஒட்டியிருக்கும், புருவம் வெள்ளை, மோவாயில ஒரு பள்ளம். காது மடலை மட்டும் சேத்துக்கிட்டேன். படம் முடிஞ்சதும் அந்தம்மா வாங்கிப் பார்த்தாங்க. அவங்க வீட்ல இருக்கற ஃபோட்டோவுல தணிகாசலத்துக்கு இருபத்திநாலு வயசுதான். கிழவனா மொத தடவை பார்க்கறாங்க. "அப்பா இளைச்சுட்டாருண்ணே"ன்னாங்க.

அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், முதியோர் இல்லம்னு ஏறி இறங்காத இடம் இல்ல. ஒருநாள் ஒரு பெரியவரைக் கையைப் புடிச்சு இங்கேயே கூட்டிட்டு வந்துட்டாங்க. சட்டை கிழிஞ்சு, தாடி வெச்சு, எதையோ முணுமுணுத்துக்கிட்டு. பேரு கேட்டா சொல்லத் தெரியல. இடது காது மடல் மடிஞ்சிருக்கு! நிஜமாவே மடிஞ்சிருக்கு. ஏதோ அடிபட்டது போல.

"நல்லா பார்த்துச் சொல்லுங்கண்ணே. இவரா?"

அந்தம்மா என் மூஞ்சியையே பார்க்கறாங்க. மூச்சு விடற சத்தம் கேக்குது. அந்தப் பெரியவர் மேஜை மேல இருந்த பன்னை எடுத்துத் தின்னுக்கிட்டு இருக்காரு. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா தீர்ந்துச்சு. இந்தப் படிக்கட்டுல பூட்ஸ் சத்தம் அதோட நின்னுடும். அவருக்கும் சோறு கிடைக்கும், அவங்களுக்கும் அப்பா கிடைப்பாரு. வாய் வரைக்கும் வந்துடுச்சு சார்.

"இல்லம்மா. இவர் இல்ல"ன்னேன்.

அங்க நான் பொய் சொல்லல பாருங்க. சொல்லியிருக்கலாம். சொல்லல. இதை யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.

ஐப்பசியில ஒருநாள் வந்தாங்க, மூஞ்சியில ஒரு வெளிச்சம். "அம்மா பொட்டு வெச்சுக்கிச்சுண்ணே." அவங்க அம்மா பேரு பட்டம்மா. பதினெட்டு வயசுல பொட்டை அழிச்சவங்க. காலையில எழுந்து குளிச்சு, மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சு, வாசல்ல வந்த பூக்காரியைக் கூப்பிட்டு மல்லிப்பூ வாங்கித் தலையில வெச்சுக்கிட்டாங்களாம். போலீஸ் குவார்ட்டர்ஸ்ல அக்கம்பக்கம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிருக்கு. கிழவி சட்டை பண்ணல. பென்ஷனுக்கு வருஷா வருஷம் விதவைன்னு கையெழுத்துப் போடணுமாம். பேப்பரைக் கொண்டு போனா, "புருஷன் உசிரோட இருக்கறப்போ எதுக்குடி நான் போடணும்?"னு திருப்பிக் குடுத்துட்டாங்களாம்.

"ஆனா அண்ணே, ராத்திரியானா கோவப்படுது. இத்தனை வருஷம் எங்க இருந்தாரு, ஏன் வரல, எவகூட இருந்தாருன்னு. நேர்ல ஒருதடவை உங்ககிட்ட வரணும்னு சொல்லுது."

எனக்கு அது புடிக்கல. வேண்டாம்மா, வயசானவங்க, படி செங்குத்து, ஏற முடியாதுன்னு சொல்லிப் பார்த்தேன். ஏறிட்டாங்க. ஒரு மத்தியான நேரம், ஜெயக்கொடியம்மா பின்னாடி தாங்கிக்கிட்டு வர, ஒவ்வொரு படியா நின்னு நின்னு ஏறி வந்துட்டாங்க. கட்டையான உருவம். நெத்தியில பெரிய குங்குமம். நீங்க உக்காந்திருக்கற ஸ்டூல்லதான் உக்காந்தாங்க. மூச்சு வாங்குது. மடியில அந்த வாட்ச்.

மூச்சு அடங்கற வரைக்கும் உக்காந்திருந்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"எங்களைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

பாவமா இருந்தது சார். அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்காங்க, ஒண்ணுமே சொல்லலன்னு எப்படிச் சொல்றது? மனசு கேக்கல. "சொன்னாரும்மா. ஒரு பொண்ணு இருக்கு, மூஞ்சியே பார்த்ததில்லன்னு சொன்னாரு. சொல்றப்போ கண்ணு கலங்கிடுச்சு"ன்னேன்.

கொடியம்மா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிட்டாங்க. தோள் குலுங்குது. நல்லதைத்தான் சொல்லியிருக்கோம்னு எனக்கும் கண்ணுல தண்ணி.

கிழவி அழல. அவங்க மூஞ்சியில ஏதோ ஒண்ணு மெல்ல மூடிக்கிச்சு. என்னைப் பார்த்துக்கிட்டே மகள்கிட்ட சொன்னாங்க, "கொடி, நெஞ்சை அடைக்குது. கீழ போயி ஒரு சோடா வாங்கியாம்மா."

பூட்ஸ் சத்தம் கீழ இறங்கிச்சு. அது நிக்கற வரைக்கும் காத்திருந்தாங்க.

"இவ பொறந்தது தை மாசம்ப்பா. அவரு காணாமப் போனது கார்த்திகை. பொறந்தது பொண்ணுன்னு அவருக்கு யாரு சொன்னாங்க?"

நான் ஃபேனைக் கூட்டி வெச்சேன்.

"யாராவது... ஊர்க்காரங்க யாராவது சொல்லியிருப்பாங்கம்மா."

"யாரு?"

நான் குனிஞ்சு மேஜை மேல எதையோ தேடற மாதிரி பண்ணினேன்.

வாட்சைத் திருப்பி மேஜை மேல வெச்சு என் பக்கம் தள்ளினாங்க. "இந்தப் பேரை வெட்டினது யாரு?"

மேஜை மேல என் கிரேவர் கிடக்குது. அதைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க. நான் தலையை ஆட்டினேனா, வாயால சொன்னேனான்னு இப்பவும் தெரியல. அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.

கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தல. குரல் இறங்கிடுச்சு. "அம்பது வருஷம் கழிச்சுப் பொட்டு வெச்சேன்டா நான். ஊரே சிரிச்சுது. வெச்சேன். வரட்டும், வந்தா மூஞ்சியிலேயே அறையணும்னு வெச்சிருந்தேன். அறைஞ்சுட்டு சோறு போடணும்னு."

நான் அவங்க கால்ல விழப்போனேன். காலை இழுத்துக்கிட்டாங்க.

"இதை அவகிட்ட சொன்னா அவ உன்னைச் சும்மா விட மாட்டா. விட மாட்டா, அப்புறம் அவ கதி என்னாகும்? ரிட்டையர் ஆகற வயசுல எனக்கு அவ ஜெயில்ல இருக்க வேண்டாம். அதுவுமில்லாம, அப்பா அப்பான்னு இந்த நாலு மாசமாத்தான் அவ வாய் நிறையச் சொல்லிக் கேக்கறேன். அதைப் பொய்யின்னு என் வாயால சொல்ல மாட்டேன். நீ வரவெச்ச ஆளை நீயே அனுப்பு. செத்துட்டாருன்னு சொல்லு. இப்பவே சொல்லு."

கீழேர்ந்து பூட்ஸ் சத்தம் ஏறி வருது.

"எப்படிம்மா..."

"இத்தனை சொன்னவனுக்கு இது வராதா?"

நீங்களே சொல்லுங்க சார். அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னது யாரு? நானா? அவங்களே சொல்லச் சொல்லிட்டு, இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. ஃபோன்ல கொடியம்மா பேசறப்போ பக்கத்துல குரல் கேக்கும். எப்படி இருக்கீங்கம்மான்னு நான் கேட்டாலும் பதில் வராது. அதுதான் எனக்கு மனத்தாங்கல்.

கொடியம்மா சோடாவோட வந்தாங்க. நான் எழுந்து நின்னேன். எந்த இடம்னு சொல்றது, எந்த மாசம்னு சொல்றது, ஒண்ணும் தயாரா இல்ல. வந்ததைச் சொன்னேன். "மேடம், இத்தனை நாளா சொல்ல மனசு வரல. அவர் இல்லம்மா. வித்துட்டுப் போன கொஞ்ச நாள்லயே... இந்த மாசியில, பெரியாஸ்பத்திரிக்குப் பக்கத்துல பிளாட்பாரத்துல செத்துக் கிடந்தாராம். டீக்கடையில சொன்னாங்க. யாருமில்லன்னு போலீஸே எடுத்துட்டுப் போயிடுச்சாம்."

கிழவி கண்ணை மூடிக்கிட்டாங்க. "இவரு எங்கிட்ட சொன்னாரு. நான்தான் உன்கிட்டயும் சொல்லச் சொன்னேன்"னு மட்டும் சொன்னாங்க.

கொடியம்மா கையில சோடா பாட்டில் அப்படியே நிக்குது.

"இந்த மாசியா?"

"ஆமா மேடம்."

"பெரியாஸ்பத்திரி பக்கத்துலயா?"

"ஆமா."

"மாசி முழுக்க அங்க எனக்குத்தான்ண்ணே டூட்டி."

எனக்குப் புரியல. அவங்க கீழ உக்காந்துட்டாங்க, தரையில, யூனிஃபார்மோட. "அநாதைப் பொணத்தையெல்லாம் நான்தான் கூடப் போயி அடக்கம் பண்ணிட்டு வருவேன். ஒரு பெரியவர் இருந்தாரு. பிளாட்பாரத்துலேர்ந்து எடுத்தது. நல்ல உயரம், கால் ஸ்ட்ரெச்சருக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுல புதைச்சோம். குழி தோண்டினவரு, வாய்க்கரிசி போட ஆளில்லையான்னு கேட்டாரு. நான் போட்டேன். அம்மா, நான்தாம்மா போட்டேன்."

கிழவி கண்ணைத் திறந்தாங்க. என்னைப் பார்த்தாங்க. அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்ல சார். நான் என்னத்தைக் கண்டேன்? வாய்க்கு வந்த மாசத்தைச் சொன்னேன், வாய்க்கு வந்த இடத்தைச் சொன்னேன்.

"துணி சுத்திட்டாங்கம்மா. வாய்கிட்ட மட்டும் விலக்கிவிட்டாங்க. நான் மேல பார்க்கல. எப்பவும் பார்க்க மாட்டேன், பார்த்தா தூக்கம் வராதுன்னு. பார்த்திருக்கலாமேம்மா. துணியைக் கொஞ்சம் மேல தூக்கியிருந்தா காது தெரிஞ்சிருக்குமேம்மா."

தலையில அடிச்சுக்கிட்டாங்க. கிழவி வாயைத் திறந்தாங்க. சொல்லிடப் போறாங்கன்னு எனக்கு உயிரே போயிடுச்சு. அந்தம்மா இடுப்புல இருக்கற பெல்ட்டைப் பார்க்கறேன், படிக்கட்டைப் பார்க்கறேன், எந்தப் பக்கம் ஓடறதுன்னு பார்க்கறேன். அதுக்குள்ள கொடியம்மா அவங்க அம்மா மடியைப் புடிச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே, சிரிக்கற மாதிரி ஒரு மூஞ்சியோட, "போகட்டும்மா. யாரோ அள்ளிப் போடல, நான்தானே போட்டேன். என் கையால அரிசி வாங்கிக்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்காரு"ன்னாங்க.

கிழவி திறந்த வாயை மூடிக்கிட்டாங்க. மகள் தலை மேல ஒரு கையை வெச்சுக்கிட்டு, இன்னொரு கையால முந்தானையை எடுத்து நெத்தியைத் துடைச்சாங்க. அழுத்தித் துடைச்சாங்க. குங்குமம் புருவம் வரைக்கும் இழுவிடுச்சு.

என்னைக் கேட்டா, ஒரு விதத்துல நல்லதுதான் சார் நடந்தது. அம்பது வருஷமா உடம்பு கிடைக்கல, காரியம் பண்ணலன்னு இருந்த குடும்பம். பதினாறாம் நாள் பண்ணினாங்க, ஐயரு, படையல் எல்லாம் வெச்சு. நான் போயிருந்தேன். கொடியம்மாதான் என்னை முன்னாடி உக்கார வெச்சு, கடைசியா அப்பாகூடப் பேசினவர்னு எல்லார்கிட்டயும் சொன்னாங்க. மிலிட்டரிக்காரங்க ரெண்டு பேர் வந்து எனக்குக் கை குடுத்தாங்க. கிழவி பென்ஷன் பேப்பர்லயும் கையெழுத்துப் போட்டுட்டாங்களாம். எல்லாம் ஒழுங்காயிடுச்சு. அப்புறம் நான் பேர் வெட்டறதில்ல. எதுக்கு வம்பு?

மாசி மாசம் வந்தா கொடியம்மா ஃபோன் பண்ணுவாங்க. ரெண்டு பேரும் மூலக்கொத்தளத்துக்குப் போவோம். கிழவி வர்றதில்ல. கொடியம்மாவுக்கு இடம் நல்லாத் தெரியும், நேரா நடந்து போயி நின்னுடுவாங்க. பால் ஊத்துவாங்க, கற்பூரம் கொளுத்துவாங்க. கையில அந்த வாட்ச் இருக்கும். ஆம்பளை வாட்ச், பெரிசு, ஆனா அவங்க கைக்குப் பொருந்தியிருக்கு. நானும் நின்னு கும்பிடுவேன். யாரா இருந்தா என்ன சார், செத்தவர்தானே.

இந்த மாசியிலயும் போனோம். எல்லாம் முடிஞ்சு கிளம்பறப்போ நின்னுட்டாங்க. இன்னும் ஏதோ கேக்கணும்ங்கற மாதிரி. எனக்குப் பழைய பயம் வந்துடுச்சு.

"அண்ணே, அப்பா குரல் எப்படி இருந்துச்சு? இத்தனை நாளா அதைக் கேக்கவே இல்ல நான்."

அந்தம்மா குரல் கரகரன்னு இருக்கும் சார், ஆம்பளைக் குரல் மாதிரி. ஃபோன்ல பேசினா சார்னுதான் கூப்பிடுவாங்களாம். ஸ்டேஷன்ல கிண்டல் பண்ணிப் பண்ணி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்றதே வழக்கமாயிடுச்சுன்னு ஒருதடவை சொன்னாங்க.

"உங்க குரல்தாம்மா. அச்சு அசல் இதே குரல்"ன்னேன்.

 ஆட்டோவுல ஏறினோம். கொஞ்ச தூரம் போனதும் பக்கத்துல ஏதோ சத்தம் கேக்குது. திரும்பிப் பார்த்தா அந்தம்மா பேசிக்கிட்டு வர்றாங்க. என்கிட்ட இல்ல. வெளிய பார்த்துக்கிட்டு, கடை போர்டு, பஸ்ஸுல எழுதியிருக்கற ஊர்ப் பேரு, சுவத்து விளம்பரம், கண்ணுல பட்டதையெல்லாம் மெதுவா வாய்விட்டுப் படிச்சுக்கிட்டு. ஒண்ணைப் படிப்பாங்க, நிறுத்தி அந்தக் குரலைக் கேட்டுப் பார்ப்பாங்க, அப்புறம் அடுத்ததைப் படிப்பாங்க.